சிறைக்குள் கரன்ட் பில்லைக் குறைக்கப் போகிறீர்களா? முதலில் கேட்டைத் தாண்டும் வழியைப் பாருங்கள்

அலுவலகம், மருத்துவமனை, ஹோட்டல் என்று எரிசக்தித் தணிக்கை (மின்சாரமும் எரிபொருளும் எங்கே வீணாகின்றன என்று அளந்து பார்ப்பது) செய்து பழகியவன் நான். சிறையும் ஒரு கட்டடம்தானே என்ற தைரியத்தில் போனேன். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு மெயின் கேட்டில் நின்றேன். உள்ளே கால் வைத்தபோது பன்னிரண்டு. கொண்டு போன ஆறு கருவிகளில் இரண்டைத்தான் விட்டார்கள். பன்னிரண்டரைக்கு ஆள் கணக்கெடுப்பு. "வெளியே இருங்க சார், முடிஞ்சதும் கூப்பிடுறோம்" என்றார் ஒரு காவலர். அன்றைக்கு அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

அந்த வேலைக்கு நான் போட்ட நாள் கணக்கைப் போல இரண்டு மடங்கு ஆனது. எந்த விளக்கை மாற்றினால் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் எந்தப் பொறியாளருக்கும் தெரியும். சிறையில் உண்மையான செலவு, காவலர் துணையோடு உள்ளே வேலை செய்யக் கிடைக்கும் மணி நேரம்தான். அதைக் கணக்கில் எடுக்காமல் போட்ட திட்டம் எதுவும் தேறாது. சிறைத் துறைப் பொறியாளர், தணிக்கையாளர், காண்ட்ராக்டர் என்று யாராக இருந்தாலும் முதல் தடவை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. கேட்டுக்கு வெளியிலேயே சேர்க்க வேண்டிய காகிதங்கள்

உள்ளே நுழையும் முன்பே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

- 36 மாத மின்கட்டண ரசீதுகள். 12 மாதம் போதாது. நடுவில் ஏதாவது ஒரு பிளாக்கைப் பழுதுக்காக மூடி வைத்திருப்பார்கள்.
- அதே 36 மாதங்களுக்கு உள்ளே இருந்தவர்களின் சராசரி எண்ணிக்கை.
- ஜெனரேட்டர் லாக் புத்தகம்: ஓடிய மணி, ஊற்றிய டீசல்.
- சமையலுக்கும் பாய்லருக்கும் வாங்கிய எரிபொருள் கணக்கு, தண்ணீர் ரசீது.
- ஒற்றைக் கோட்டு மின் வரைபடம்: மின்சாரம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுவது.
- அன்றாட நேர அட்டவணை: அறைகள் திறக்கும் நேரம், பூட்டும் நேரம், ஆள் கணக்கெடுப்பு, குளியல், சாப்பாடு, ஷிப்ட் மாற்றம்.

ஆள் எண்ணிக்கையைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. 500 பேருக்குக் கட்டிய இடத்தில் 900 பேர் இருந்தால், தலைக்கு இத்தனை யூனிட் என்ற கணக்கு மிக அழகாக வரும். அது சிக்கனம் இல்லை, நெரிசல். தலைக்கு எவ்வளவு, சதுர மீட்டருக்கு எவ்வளவு என்று இரண்டையும் போட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கதை சொன்னால், உண்மை நடுவில் எங்கோ இருக்கும்.

வரைபடம் பாதுகாப்பு ஆவணம். நகல் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர்கள் அறையில் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்க எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். கிடைத்தாலும் அதை அப்படியே நம்ப வேண்டாம். நான் பார்த்த வரைபடத்தில், பின்னால் கட்டிய சலவைக்கூடமே இல்லை. சிறையின் மிகப் பெரிய மின்சுமைகளில் ஒன்று அது.

இன்னொன்றையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: பில்லை யார் கட்டுகிறார்கள்? பல இடங்களில் பில் தலைமை அலுவலகக் கணக்கில் போகும், பராமரிப்புச் செலவு மட்டும் சிறையின் தலையில் விழும். அப்படியென்றால் உங்கள் திட்டத்துக்குப் பணம் போடுபவர் ஒருவர், பலனை எடுத்துக்கொள்பவர் வேறொருவர். இந்த முடிச்சை அவிழ்க்காமல் அறிக்கை கொடுத்தால் அது அலமாரியில்தான் இருக்கும்.

2. ஆட்கள் பட்டியலும் கருவிகள் பட்டியலும்

உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. நான்கு பேர் பெயரைக் கொடுத்திருந்தேன். அனுமதி வருவதற்குள் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவருக்குப் பதில் ஆளுக்கு மறுபடி ஐந்து வாரம். நான்கு பேர் தேவையென்றால் எட்டுப் பெயர் கொடுங்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துகளும் பட்டியலில் உள்ள எழுத்துகளும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு இனிஷியல் மாறினாலும் கேட்டிலேயே நிற்க வேண்டியதுதான்.

கருவிப் பட்டியலில் நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். "சாக்கெட் செட் – 1" என்று எழுதிக் கொடுத்தேன். உள்ளே போகும்போது ஒரு செட்டாகப் போனது. மாலையில் திரும்பும்போது காவலர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு துண்டாக எண்ணினார். 10 மி.மீ. சாக்கெட் இருக்க வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. அவ்வளவுதான், பிளாக் முழுவதும் பூட்டியாயிற்று. எல்லோரையும் அறைக்குள் அனுப்பி, ஒவ்வொரு அறையாகச் சோதனை. குளிக்கும் நேரம் போயிற்று, பார்வையாளர் நேரமும் போயிற்று. இரண்டரை மணி நேரம் கழித்து ஏணியைச் சாய்த்தபோது, அதன் உள்குழாயிலிருந்து டொக்கென்று விழுந்தது அந்தச் சாக்கெட். மறுநாள் அந்தப் பிளாக்கில் யாரும் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதனால் துண்டு துண்டாக எழுதுங்கள்: "சாக்கெட் 8 மி.மீ. – 1, 10 மி.மீ. – 1". திருகாணிகள்கூட எண்ணிக்கையோடு. ஏணி, கயிறு, பிளேடு ஆகியவை ஒரு நொடிகூடக் கண்காணிப்பின்றி இருக்கக் கூடாது. ஏணியைப் பூட்ட சங்கிலியும் பூட்டும் நீங்களே கொண்டு போங்கள். கைப்பேசி, வெப்பப் படக் கேமரா, லேப்டாப் எல்லாவற்றுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

வயர்லெஸ் மீட்டர் வாங்கியிருந்தால் அதை வெளியிலேயே வைத்துவிடுங்கள். பல சிறைகளில் கைப்பேசி ஜாமர் ஓடுகிறது. சிம் கார்டில் டேட்டா அனுப்பும் கருவி அங்கே ஊமை. வைஃபையும் நம்பக் கூடியதல்ல. உள் நினைவகத்தில் பதிவு செய்யும் லாகர், அல்லது ஆர்எஸ்-485 கேபிள் வழி பேசும் மீட்டர். வேறு வழி இல்லை.

3. இரவு இரண்டு மணிக்கு மீட்டரைப் பாருங்கள்

அலுவலகம் இரவில் தூங்கும், சிறை தூங்காது. வருடத்தின் 8,760 மணி நேரமும் அங்கே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் சிறையில் ஒரு கிலோவாட் வீணானால் அதற்கு லீவே கிடையாது. நான் அளந்த இடத்தில் இரவு 2 முதல் 4 மணி வரையான சுமை, பகல் உச்சத்தில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம்தான் குறைவு.

மெயின் பேனலில் ஒன்று, பெரிய பிளாக் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று லாகர் மாட்டி இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் இரவுச் சுமையை மட்டும் பிரித்து, என்னென்ன ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். நான் கண்டவை: நடைபாதை விளக்குகள், எக்ஸாஸ்ட் ஃபேன்கள், நிற்காமல் ஓடும் தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட் செத்துப்போய் நாள் முழுக்கச் சூடேறும் ஜெனரேட்டர் ஹீட்டர், குளிர் அறை.

காற்றழுத்தத்தில் இயங்கும் கதவுகள் இருந்தால் கம்ப்ரசரைக் கட்டாயம் பாருங்கள். 7 பார் அழுத்தத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே ஏறக்குறைய 3 கிலோவாட்டை விழுங்கும். வருடத்துக்கு 26,000 யூனிட். எல்லோரும் தூங்கும் நேரத்தில், கதவு எதுவும் அசையாதபோதும் கம்ப்ரசர் அடிக்கடி ஓடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். காதே போதும், கருவி தேவையில்லை. செலவும் மிகக் குறைவு. இதை முதலில் செய்து காட்டினால் மேலதிகாரிகளுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

4. தொடக்கூடாதவற்றை முதலில் வட்டம் போடுங்கள்

ஆர்வக் கோளாறில் இதை விட்டுவிடுகிறார்கள். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். விதி 13 காற்று, வெளிச்சம், வெப்பம், காற்றோட்டம் பற்றியது. செயற்கைக் காற்றோட்டம் இருந்தாலும் சன்னல் வழியாகப் புதுக்காற்று வர வேண்டும், படிக்கிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும் என்கிறது விதி 14. விதி 43, இருட்டு அறையில் அடைப்பதையும் எந்நேரமும் விளக்கு எரியும் அறையில் அடைப்பதையும் சேர்த்தே தடை செய்கிறது. இந்தக் கடைசி விஷயம் நமக்கு வசதி: இரவில் விளக்கைத் தணிப்பது சேமிப்பு மட்டுமல்ல, விதியும்கூட.

வெயில் காலத்தில் ஃபேனை நிறுத்தி "மிச்சம்" காட்டலாம் என்று ஒரு கூட்டத்தில் யோசனை வந்தது. அதே வசதியைக் குறைந்த மின்சாரத்தில் தருவதுதான் நம் வேலை. வசதியைப் பிடுங்குவதற்கு நாம் தேவையில்லை. அப்படி ஒரு வரி உங்கள் அறிக்கையில் இருந்தால் பின்னால் வழக்கில் அதுதான் முதல் பக்கம்.

காசநோய் போன்ற தொற்று உள்ளவர்களை வைக்கும் தனி அறைகளில் மணிக்கு 12 தடவை காற்று மாற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. அங்கே ஃபேன் வேகத்தைக் குறைக்கக் கூடாது. புகை வெளியேற்றும் ஃபேன்களும் தீ எச்சரிக்கை அமைப்போடு இணைந்தவை எதுவும், தீப்பாதுகாப்புப் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் தொடக் கூடாது. கதவுப் பூட்டு, கேமரா, எச்சரிக்கை மணி ஆகியவற்றுக்கான மின்சுற்றுகளும் அப்படியே.

5. விளக்குகள்: எளிது போலத் தெரியும், இங்கேதான் சறுக்கும்

பழைய 36 வாட் டியூப், சோக்கோடு சேர்த்து 45 வாட் எடுக்கும். 18 வாட் எல்இடி போட்டால் ஒன்றுக்கு 27 வாட் மிச்சம். 24 மணி நேரமும் எரியும் நடைபாதையில் 400 விளக்குகள் இருந்தால் வருடத்துக்கு 94,600 யூனிட். காகிதத்தில் இதைவிட நல்ல திட்டம் இல்லை.

இப்போது மறுபக்கம். ஒரு விளக்குக்கு 15 நிமிடம் என்றால் 400 விளக்குக்கு 100 மணி நேரம். கேட் சோதனை, ஆள் கணக்கெடுப்பு, சாப்பாடு, ஷிப்ட் மாற்றம் எல்லாம் போக எனக்கு ஒரு நாளில் சராசரியாக நாலரை மணி நேரம்தான் கிடைத்தது. அப்படியானால் 23 வேலை நாள். அத்தனை நாளும் உடன் ஒரு காவலர். அவர் சம்பளத்தையும் மிகைநேரப் படியையும் திட்டச் செலவில் சேர்த்தீர்களா? நான் முதலில் சேர்க்கவில்லை.

விளக்கு வாங்கும்போது:

அறைகளுக்கும் கைதிகள் புழங்கும் இடங்களுக்கும் ஐகே10 தரம் கேளுங்கள். 20 ஜூல் ஆற்றலுள்ள அடியைத் தாங்கும் என்று பொருள். பாலிகார்பனேட் மூடி, சாதாரண ஸ்க்ரூடிரைவருக்குத் திறக்காத திருகாணி. கயிறோ துணியோ கட்ட முடியாத சாய்ந்த விளிம்பு மிக முக்கியம், தற்கொலைத் தடுப்புக்காக. விளிம்புக்கும் கூரைக்கும் இடையே இடுக்கு இருந்தால் அதில் பொருள் ஒளித்து வைப்பார்கள், உடையாத சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும்.

பழைய ஃபிட்டிங்கிலேயே எல்இடி டியூபை மாட்டினால் மலிவு. ஆனால் சோக்கை மின்சுற்றிலிருந்து நீக்காமல் விட்டால் அதுவும் கொஞ்சம் தின்னும், அது பழுதானால் புது விளக்கும் அணையும். மறுபடி ஏணி, மறுபடி காவலர், மறுபடி பட்டியல்.

வாரண்டி ஐந்து வருடம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். கீழே சிறு எழுத்தில் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு இருக்கிறதா பாருங்கள். 50,000 மணி நேர ஆயுள் என்பது நிற்காமல் எரிந்தால் ஐந்தே முக்கால் வருடம்கூட இல்லை.

கேமராக்காரர்களையும் கூட்டி வையுங்கள். சில மலிவான எல்இடிகளைத் தணித்தால் கேமராப் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். முதலில் ஒரு விளக்கை மாட்டி, இரவில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் பார்த்து, ஒப்புதல் கையெழுத்து வாங்கிய பிறகே மொத்தமாக வாங்குங்கள். சுற்றுச்சுவரில் எரியும் மஞ்சள் சோடியம் விளக்குகளை மாற்றினால் கேமராக்காரர்கள் மறுக்கவே மாட்டார்கள். அந்த மஞ்சளில் நிறங்களைச் சரியாகப் பிரித்தறிய முடியாது என்பதால் அவர்களே சந்தோஷப்படுவார்கள்.

ஆள் நடமாட்ட சென்சார் கிடங்கு, அலுவலகம், ஊழியர் கழிப்பறை ஆகிய இடங்களில் மட்டும். அறைகளில் வேண்டாம்.

6. காற்றோட்டம்

ஃபேன் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். ஃபேன் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்குப்படி மாறும். 7.5 கிலோவாட் எடுக்கும் ஃபேனில் வருடத்துக்கு 30,000 யூனிட் அளவில் மிச்சம். மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவியை வைக்க ஃபேன் அறைக்குப் போனால் போதும், கைதிகள் பகுதிக்குள் போக வேண்டியதே இல்லை. அதனால் என் பட்டியலில் விளக்குக்கு முன்னால் இதுதான் வரும்.

வேகத்தைக் குறைக்கும் முன் அறைகளில் காற்று வரும் கிரில்களைப் பாருங்கள். நள்ளிரவில் குளிர்காற்று நேராக முகத்தில் அடித்தால் யாராக இருந்தாலும் பேப்பரை நனைத்து அடைக்கத்தான் செய்வார்கள். நான் பார்த்த ஒரு வரிசையில் மூன்றில் ஒன்று அடைபட்டிருந்தது. திறந்திருந்த அறைகளில் காற்று ஊளையிட்டது. முதலில் சுத்தம் செய்து, காற்றைச் சமமாகப் பிரித்து, அதன் பிறகு வேகத்தைக் குறைத்தால்தான் அந்த மிச்சம் நிலைக்கும்.

ஒரு நல்ல செய்தி. பல சிறைகளில் அறைகளின் பின்சுவரை ஒட்டி குழாய்களும் வயர்களும் போகும் குறுகிய சந்து ஒன்று இருக்கும். அதற்குத் தனிக் கதவு. அறைக்குள் போகாமல் அங்கிருந்தே செய்யக்கூடிய வேலைகளைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள். வேலை அங்கே வேகமாக ஓடும்.

7. சுடுநீர், கழிப்பறை, சலவை

1,000 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடாக்க 46.5 யூனிட் வேண்டும், கசிவும் இழப்பும் தனி. ஆகவே ஷவரில் நீரைக் குறைத்தால் நேராக எரிபொருள் மிச்சம். தொட்டியின் வெப்பநிலையைக் குறைத்து மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள். 60 டிகிரிக்குக் கீழே இறக்க இறக்க, நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி பிழைத்து வளரும் ஆபத்து கூடும். தொட்டி 60-இல் இருக்கட்டும், ஷவருக்கு முன்னால் கலப்பு வால்வு வைத்துத் தணித்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை ஃப்ளஷ் எலக்ட்ரானிக் வால்வுக்கு மாறினால், சில நிமிடங்களுக்குள் இத்தனை தடவைதான் என்று வரம்பு வைக்கலாம். வேண்டுமென்றே தொடர்ந்து அழுத்தி வெள்ளமாக்குவதும் நின்றுபோகும். வால்வு பின்சந்தில் இருக்கும் மாடலாகப் பாருங்கள்.

சலவைக்கூடத்தில் பெரிய தீனிக்காரன் டிரையர்தான். அதற்கு முன் நன்றாகப் பிழியும் இயந்திரம் இருந்தால் டிரையர் நேரம் கணிசமாகக் குறையும்.

8. சூரிய மின்சாரமும் கழிவு எரிவாயுவும்

பகல் முழுக்கச் சுமை இருப்பதால் சூரிய மின்சாரம் உள்ளேயே செலவாகிவிடும், அது சாதகம். பாதகம் இடம். கூரையில் சட்டம் அமைத்தால் ஏறிப்போக வழி, மறைந்துகொள்ள நிழல், கோபுரக் காவலர் கண்ணில் கூச்சம். மதிலுக்கு வெளியே, ஊழியர் வாகனம் நிறுத்துமிடத்தின் மேலே போடுவது பாதி சண்டையைத் தவிர்க்கும். கலிஃபோர்னியாவின் சாண்டா ரீட்டா சிறை சூரியத் தகடு, எரிபொருள் செல், பேட்டரி மூன்றையும் சேர்த்துத் தனி மின்வலையமைப்பாகவே ஓட்டியது. முதல் முயற்சியிலேயே அந்த அளவுக்கு ஆசைப்பட வேண்டாம்.

விறகில் சமைக்கும் சிறை என்றால் கழிப்பறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பதை யோசிக்கலாம். ருவாண்டா சிறைகளிலும் நேபாளத்தின் சில சிறைகளிலும் செய்திருக்கிறார்கள். விறகுக்கு முழு மாற்று ஆகாது, பகுதியளவு குறையும். கூடவே கழிவுநீர்த் தொல்லையும் தணியும்.

9. டெண்டர், பணம், நாள்

கொட்டேஷன் கேட்கும்போது "ஒரு நாளில் பயன்படும் வேலை நேரம் 4 முதல் 5 மணி" என்று டெண்டரிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் எட்டு மணி நேரக் கணக்கில் குறைந்த விலை போடுவார்கள், மூன்றாவது வாரம் காத்திருப்புக் கூலி கேட்டுக் கடிதம் வரும். திடீர் பூட்டுதலால் எத்தனை நாள் போனால் யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மொத்த நாளில் ஐந்தில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்கினேன், சரியாக இருந்தது.

முதலீடு எத்தனை வருடத்தில் திரும்பும் என்ற கணக்கில் பொருள், கூலி, காவலர் செலவு மூன்றையும் கூட்டி வருடச் சேமிப்பால் வகுங்கள். என் விளக்குத் திட்டம் காவலர் செலவைச் சேர்த்ததும் பட்டியலில் முதலிடத்திலிருந்து நான்காவதுக்கு இறங்கியது.

கையில் பணம் இல்லையென்றால் எஸ்கோ ஒப்பந்தம் உண்டு: நிறுவனம் முதலீடு போடும், மிச்சத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இதற்குப் பல வருட நிதி ஒப்புதல் வேண்டும். அதைக் கேட்டுக் கோப்பை முதல் வாரமே நகர்த்துங்கள், எல்லாவற்றிலும் அதுதான் மெதுவாகப் போகும். சேமிப்பை எப்படி அளப்பது என்பதற்கு ஐபிஎம்விபி என்ற சர்வதேச அளவீட்டு முறையைக் குறிப்பிடுங்கள். ஆள் எண்ணிக்கை கூடினாலோ ஒரு பிளாக் மூடினாலோ அடிப்படைக் கணக்கு எப்படித் திருத்தப்படும் என்பதை முன்பே எழுதிவிட வேண்டும். எங்கள் இடத்தில் திட்டம் முடிந்த ஆறாவது மாதம் 150 பேர் கூடுதலாக வந்தார்கள்; பில் ஏறியது. முதல் படியில் சொன்ன அந்த ஆள் எண்ணிக்கைத் தாள் மட்டும் கையில் இல்லையென்றால் என் பேச்சை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

10. கையளிக்கும் நாள்

உதிரி விளக்குகள், வால்வுகள் ஆகியவற்றை மொத்தத்தில் ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்கி அங்கேயே விட்டு வாருங்கள். விஎஃப்டி அமைப்புகளை ஒரு தாளில் எழுதி ஃபேன் அறைச் சுவரில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் புகாரிலேயே யாராவது 100 சதவீதத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அந்தச் சிறப்புத் திருகாணிகளைத் திறக்கும் பிட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணி, சாவி அறைப் பதிவேட்டில் ஏற்றி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றைக்கூட உங்கள் பெட்டியில் தவறுதலாக எடுத்து வந்துவிடாதீர்கள். நான் எடுத்து வந்துவிட்டேன், இரவு பதினொரு மணிக்குத் திரும்பப் போக வேண்டியிருந்தது.